அடியில்லாத அகப்பை

எடோ நகரம், கான்டா
இரண்டாம் மாதம், எட்டாம் நாள்

தங்கச்சி நுயிக்கு அக்கா ஷிகே எழுதுவது.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உரப் படகுக்காரன் கன்பாச்சி எப்படியும் அங்கே வந்து ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லத்தான் போகிறான். நேற்று சாயங்காலம் குளியல்கூடத்திலிருந்து வந்து வீட்டுக் கதவைத் தள்ளினால், அடுப்பங்கரையில் கன்னங்கரேலென்று ஒரு மொட்டைத் தலை. இரண்டு வெள்ளை விழி. என்னையே பார்க்கிறது. கையிலிருந்த மரவாளியை அதன் மூஞ்சியில் எறிந்துவிட்டுக் கத்தினேன். சந்தே திரண்டு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தாட்சு துடைப்பத்தோடு வந்தாள். வாளி செய்கிற அவள் புருஷன் கொட்டாப்புளிச் சுத்தியலோடு வந்தான். பேய் பாட்டுக்குக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. உன் அத்தான் குமாஸோ அச்சுப்பலகையில் செதுக்கிய 'கடல் மொட்டையன்' படம். மாதிரித் தாளைக் காயப் போட்டுவிட்டு மனுஷர் வெளியே போயிருக்கிறார். கல்யாணமான நாள் முதல் பேய்ப் படத்தில்தான் எனக்குச் சோறு. அதைப் பார்த்தே அலறியிருக்கிறேன்.

வாளி இரண்டாகப் போய்விட்டது. தாட்சு புருஷனுக்கு அதுதான் துக்கம். "நான் செஞ்ச வாளி ஒடையாதுங்க. நீங்க எறிஞ்ச வேகம் அப்படி" என்கிறான். உன் அத்தான் திரும்பி வந்து, "எதப் பாத்துப் பயந்த? கண்ணையா, வாயையா?" என்று கேட்டுக்கொண்டார். கண்ணைத்தான் என்றேன். அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் ஆழமாக வெட்டப் போகிறாராம். நான் விழுந்து செத்திருந்தால் எந்தப் பக்கமாக விழுந்தேன் என்று குறித்துக்கொண்டிருப்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பதிப்பாளர் வரிசையாகக் கடல் பேய்ப் படங்களாக வெளியிடப் போகிறார். அடுத்தது படகுப் பேய். வரைகிற ஓவியர் நல்ல மனுஷர், ஆனால் கடலை எட்ட நின்று பார்த்ததோடு சரி. பேய்க்குக் கொடுக்கிற அந்த அடியில்லாத அகப்பையைக் கண்ணால் பார்த்துத்தான் வரைவேன் என்கிறார். நான் வாய் சும்மா இருக்காமல், "எங்க மாப்பிள்ள படகுலயே ஒண்ணு இருக்கு" என்று சொல்லிவிட்டேன். உன் வீட்டுக்காரர் யாசோவிடம் கேட்டு அனுப்பு. படகுப் பேய் எப்படி இருக்கும் என்றும் கேட்டு எழுது. தர யோசித்தால், கல்யாணத்தில் என் தட்டிலிருந்து எடுத்துத் தின்ற மீனை நான் இன்னும் மறக்கவில்லை என்று சொல்.

உன் மாமியாரின் முழங்கால் வலி எப்படி? பனிக்கு வெளியே விடாதே. இங்கே பிளம் பூத்து உதிரவும் தொடங்கிவிட்டது.

ஷிகே

---

கஸுசா கடற்கரை, இவாசே
இரண்டாம் மாதம், இருபத்தாறாம் நாள்

அக்காவுக்கு நுயி எழுதுகிறேன். எல்லாரும் நலம். அத்தைக்கு முழங்கால் பரவாயில்லை. அத்தானுக்குக் கண் எரிச்சல் குறைந்ததா?

உன் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். வாளி எறிந்த இடத்தை மூன்று தரம் படிக்கச் சொன்னார். "மதினிய ஒரு நாளு நம்ம படகுல ஏத்திட்டுப் போகணும். பேய் அதுவாவே ஓடிரும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு வலையைக் கீழே வைத்துவிட்டு, எழுதிக்கொள் என்றார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"காலில்லாம, முடிய விரிச்சுப் போட்டுக்கிட்டு வர்றதெல்லாம் எடோக்காரங்க பேய். எங்க பேய்க்குக் கை மட்டுந்தான். மூடுபனி அன்னிக்கு வரும். ஏழாம் மாசம் செத்தவங்க வீட்டுக்கு வந்து திரும்பற ஆவிநாள்ல கட்டாயம் வரும். அதான் அன்னிக்கு யாரும் கடலுக்குப் போறதில்ல. தண்ணிக்குள்ளேருந்து கை நீளும். 'அகப்பை குடு, அகப்பை குடு'ன்னு கேக்கும். குடுக்காட்டி விடாது. நல்ல அகப்பையக் குடுத்தா, அதாலயே மொண்டு மொண்டு ஊத்திப் படகை முக்கிரும். அடியில்லாததக் குடுத்தா மொண்டுக்கிட்டே கெடக்கும். நாம வீடு வந்து சேந்துரலாம்."

யாருடைய கை என்று கேட்டேன். "கடலோட போனவங்க கை. வேற யாரு? நம்ம தெருக்காரங்க கையாக்கூட இருக்கும். அவங்களத் தப்புச் சொல்லக் கூடாது. கையில அகப்பை வந்துட்டா அவங்களால ஊத்தாம இருக்க முடியாது. அவ்வளவுதான்."

அகப்பையைக் கன்பாச்சியிடம் கொடுத்தனுப்புகிறேன். படகிலிருந்து எடுத்தது அத்தைக்குத் தெரியாது. தெரிந்தால் வீடு இரண்டாகிவிடும். "மத்தி வர்றதுக்குள்ள வேற ஒண்ணு செஞ்சுக்கிறேன், மதினி மானம் போகக் கூடாது" என்கிறார். காம்பில் பள்ளமாக இருப்பது இவர் கட்டைவிரல் பதிந்து பதிந்து தேய்ந்தது. மீனுக்கு இதோடு கணக்குத் தீர்ந்ததாம்.

நுயி

---

எடோ, கான்டா
மூன்றாம் மாதம், பதினைந்தாம் நாள்

நுயிக்கு. இங்கே சுகம். செர்ரி பூத்து, ஊரே குடித்துவிட்டு மரத்தடியில் கிடக்கிறது.

அகப்பை வந்து சேர்ந்தது. ஓவியர் அதை வாங்கி ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். நானும் மறுபக்கத்திலிருந்து அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு. மாப்பிள்ளை சொன்னதைப் படித்துக் காட்டியதும் மனுஷர் சிரிப்பை நிறுத்திவிட்டார். வரைந்து வைத்திருந்ததைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக வரைந்தார். ஒரு சின்னப் படகு, சுற்றிலும் கடல், கடலிலிருந்து ஒரே ஒரு கை. அந்தக் கையில் அகப்பை. அகப்பை வழியாகப் பின்னால் இருக்கிற அலை தெரிகிறது. நான் எத்தனையோ பேய் பார்த்துவிட்டேன். இதற்கு வாளி எறியத் தோன்றவில்லை.

அகப்பை எங்கள் தூணில் தொங்குகிறது. உன் அத்தான் செதுக்குகிற வரைக்கும் பக்கத்தில் இருக்கட்டும் என்கிறார். கன்பாச்சி போன வாரமே கேட்டான். அடுத்த நடைக்குக் கொடுத்தனுப்பலாம் என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை புதிது செய்திருப்பாரே? அவசரம் என்றால் ஒரு வரி எழுது.

ஷிகே

---

எடோ, கான்டா
நான்காம் மாதம், பன்னிரண்டாம் நாள்

நுயி, என்ன ஒரு வரியும் காணோம்? மத்தி குவிந்துவிட்டதா, காயப் போடக் கை போதவில்லையா? பணக்காரியாகிவிட்டால் அக்காவை மறந்துவிடுவாய் என்று அப்போதே நினைத்தேன்.

கன்பாச்சியும் வரவில்லை. இந்தக் கடிதத்தை வேறு படகில் போடுகிறேன். கூடவே ஒரு துண்டுத் துணி, மாப்பிள்ளைக்குக் கோடைக்குச் சட்டை தைக்க. நீலம், மெல்லிய கோடு போட்டது. கோடு போட்டால் வயிறு தெரியாது என்று சொல்.

உன் மாமியாருக்கு என் வணக்கம். கோபமாக இருந்தால் வேண்டாம், பிறகு சொல்லிக்கொள்.

ஷிகே

---

இவாசே
நான்காம் மாதம், இருபத்தெட்டாம் நாள்

அக்காவுக்கு.

நான் நன்றாக இருக்கிறேன். அத்தையும் இருக்கிறார்.

மூன்றாம் மாதம் கடைசியில் போன படகு திரும்பவில்லை. இவரும், கூடப் போன இருவரும். பலகை ஒன்று தெற்கே ஒதுங்கியது. வேறு எதுவும் ஒதுங்கவில்லை. கோவிலில் இறந்தவர் பட்டியலில் பெயர் எழுதியாகிவிட்டது.

துணி கிடைத்தது. நல்ல நிறம்.

நீ வர வேண்டாம். வழி தூரம். அத்தானைச் சாப்பிடச் சொல்.

நுயி

---

எடோ, கான்டா
ஐந்தாம் மாதம், பத்தாம் நாள்

நுயி,

எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். இது எத்தனையாவது தாள் என்று தெரியாது. இங்கே விடாத மழை. தாளெல்லாம் ஈரம்.

போன கடிதத்தில் வயிறு என்று எழுதினேனே. அது போய்ச் சேர்ந்த நேரத்தை நினைத்தால் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

உன் அத்தானிடம் சொன்னேன். உளியை வைத்தவர் அன்று மறுபடி எடுக்கவில்லை. படகுப் பேயின் அச்சுப்பலகை பாதி முடிந்து கிடக்கிறது. ஓவியரும் வந்து, தூணைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நுயி, ஒன்று கேட்கிறேன். கேட்காமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் புது அகப்பை செய்தாரா? அன்றைக்குப் படகில் ஒன்று இருந்ததா? நீ என்ன எழுதினாலும் நான் தாங்கிக்கொள்வேன். தாங்கிக்கொள்ளாவிட்டாலும் எழுது. கேட்டு வாங்கியது நான். திருப்பி அனுப்பாமல் தூணில் மாட்டி வைத்து வேடிக்கை பார்த்ததும் நான்.

நீ வர வேண்டாம் என்றாய். நீ இங்கே வருகிறாயா? ஒரு அறைதான். மூன்று பேர் படுக்கலாம். நான் கொஞ்சம் ஒருக்களித்துப் படுத்தால் சரியாக இருக்கும்.

அக்கா

---

இவாசே
ஐந்தாம் மாதம், இருபத்தொன்பதாம் நாள்

அக்காவுக்கு. நலம். இங்கேயும் மழை.

நீ கேட்டாயே, அன்றைக்குப் படகில் அகப்பை இல்லை, அது ஊருக்கும் தெரியும். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. வலை இழுக்கும்போது என் பக்கத்தில் மட்டும் நிற்பதில்லை. அத்தை சோற்றை என் பக்கம் நகர்த்தி வைக்கிறார். பேசுவதில்லை.

எனக்கு ஒரு உதவி செய். அந்த அகப்பையைத் திருப்பி அனுப்பு. வெறுமனே வேண்டாம். உன் பக்கத்து வீட்டுக்காரர் வாளி செய்கிறவர்தானே, அவரிடம் கொடுத்து நல்ல அடி போட்டு அனுப்பு. ஒழுகக் கூடாது. ஆவிநாளுக்கு முன்னால் என் கைக்கு வர வேண்டும்.

வலைக் கொட்டகைக்குப் பின்னால் மாமனாருடைய பழைய சின்னப் படகு கிடக்கிறது. ஓட்டைகளை அடைத்துவிட்டேன். துடுப்பு போடக் கொஞ்சம் பழகிவிட்டது.

இவர் சட்டைக்கு நீ அனுப்பிய துணியைத் தைத்து வைத்திருக்கிறேன்.

நுயி

---

எடோ, கான்டா
ஆறாம் மாதம், பதினான்காம் நாள்

தங்கச்சி நுயிக்கு. எல்லாரும் சுகம். இங்கே வெயில் கொளுத்துகிறது. முலாம்பழம் வந்துவிட்டது.

அகப்பையைத் தாட்சு புருஷனிடம் கொடுத்திருக்கிறேன். அவன் ஒரு சோம்பேறி. கேட்டால், "அகப்பைக்கு அடி போடறது வாளிக்குப் போடற மாதிரி இல்லீங்க, மரம் காயணும்" என்கிறான். இந்த வெயிலில் காயாத மரம் என்ன மரமோ. எப்போது தருவான் என்று சொல்ல முடியாது. ஆவிநாளுக்குள் ஆகுமோ என்னமோ. ஆகாது என்றே வைத்துக்கொள்.

நேற்று தாட்சு வீட்டுப் பூனை கடல் மொட்டையன் படத்தின் மேல் குட்டி போட்டது. நான்கு. எல்லாம் கறுப்பு. உன் அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை.

உனக்கு எதற்குத் துடுப்பு? உனக்குத் தோள்வலி உண்டே. சின்ன வயதில் வாய்க்காலில் பாத்திரம் போய்விட்டால்கூட என்னைத்தானே இறக்குவாய். படகை யாரிடமாவது கொடுத்துவிடு.

உடனே ஒரு வரி எழுது. எதையாவது எழுது.

அக்கா

---

இவாசே
ஆறாம் மாதம், இருபத்தேழாம் நாள்

அக்காவுக்கு. நலம்.

உனக்குப் பொய் எழுத வரவில்லை. அவசரம் இல்லை, விடு. சந்தையில் அகப்பை விற்கிறது. ஒன்று வாங்கிவிட்டேன். அடி கெட்டியாக இருக்கிறது.

ஆவிநாளில் எல்லா வீட்டுக்கும் அவரவர் ஆள் வருவார்கள். நாங்களும் படையல் வைப்போம். ஆனால் உடம்பு கிடைக்காதவர்களுக்கு வீட்டுக்கு வர வழி தெரியாது என்கிறார்கள். அவர்கள் தண்ணீரிலேயே நிற்பார்களாம். இவர் கை நீட்டி நீட்டிக் கேட்பார். எந்தப் படகிடம் கேட்டாலும் அடியில்லாததையே கொடுக்கும். காலகாலத்துக்கும் மொண்டுகொண்டு, ஒரு சொட்டும் நிற்காமல். இவர் வேலையென்று எடுத்தால் பாதியில் விடுகிறவர் இல்லை, உனக்கே தெரியும்.

நான் ஒருத்தியாவது நல்லதாகக் கொடுக்கிறேன்.

பதினாறாம் நாள் சாயங்காலம், வந்தவர்களை வழியனுப்ப விளக்கு விடும் நேரம், எல்லாரும் அந்தப் பக்கக் கரையில் இருப்பார்கள். அத்தையை அவருடைய தங்கை பார்த்துக்கொள்வார். பேசி வைத்திருக்கிறேன்.

சின்ன வயதில் நீ எனக்காக வாய்க்காலில் இறங்கியதெல்லாம் மறக்கவில்லை.

நுயி

---

எடோ, கான்டா
ஏழாம் மாதம், ஐந்தாம் நாள்

நுயி,

இந்தக் கடிதத்தைக் கன்பாச்சியின் தம்பி நடந்தே கொண்டுவருகிறான். நான் பின்னாலேயே கன்பாச்சியின் படகில் வருகிறேன். எது முந்தும் என்று தெரியாததால் இரண்டையும் செய்கிறேன்.

ஆமாம், பொய்தான். அகப்பைக்கு அப்போதே அடி போட்டாகிவிட்டது. தூணில் தொங்குகிறது. அதைப் பார்த்துப் பார்த்து எனக்குத் தூக்கம் போயிற்று.

உன் கடிதத்தை உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். அவர் பேசுகிறவர் இல்லை. அன்றைக்குப் பேசினார். "யாசோ என்ன சொன்னான்? கையில அகப்பை வந்துட்டா ஊத்தாம இருக்க முடியாதுன்னு சொன்னான்ல? அப்ப இவ கொண்டுபோயிக் குடுத்தா, யாரு படகை யாரு முக்கறது? அவன் கையாலயே அவன் பொண்டாட்டிய முக்க வைக்கப் போறாளா? இத்தன நாளா அவனுக்குக் கை வலிதான். அப்புறம் அவனுக்கு என்ன இருக்கும்?"

அதற்கு நீ பதில் சொல். எனக்குச் சொல்ல வேண்டாம், உனக்கே சொல்லிக்கொள்.

இன்னொன்று. அவர் மறுபடி உளியை எடுத்துவிட்டார். பலகையில் அகப்பை இருந்த இடத்தைத் தோண்டி எடுத்துவிட்டு, அதில் புதுச் செர்ரிக் கட்டை ஒன்றைச் செருகி, அடியுள்ள அகப்பையாகச் செதுக்கியிருக்கிறார். பதிப்பாளர் பார்த்தால் பலகையாலேயே அடிப்பார். ஒரே ஒரு தாள் அச்சடித்ததும் கட்டையைத் தட்டி எடுத்துவிட்டு அடியில்லாததைச் செருகிவிடுவாராம். அந்த ஒரு தாள் உனக்கு. அதில் படகு இருக்கிற இடத்துக்கு மட்டும் மை பூசப் போவதில்லை. கடல் இருக்கும், கை இருக்கும், கையில் நல்ல அகப்பை இருக்கும். ஊற்றுவதற்குப் படகு இருக்காது. "கடல்ல மொண்டு கடல்லயே ஊத்தட்டும். வேணுங்கற மட்டும் ஊத்திட்டு நிறுத்திக்குவான்" என்கிறார்.

நான் வருகிற வரைக்கும் துடுப்பைத் தொடாதே. நான் உனக்கு மூத்தவள். இதுவரை உன்னை அதிகாரம் செய்ததில்லை. இப்போது செய்கிறேன்.

அக்கா

---

இவாசே
ஏழாம் மாதம், பதினெட்டாம் நாள்

என் வீட்டுக்காரர் குமாஸோவுக்கு ஷிகே எழுதுவது. நீங்கள் எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்குவீர்களே தவிரப் படிக்கத் தெரியாது என்பதால், தாட்சு இதைச் சத்தமாகப் படித்துக் காட்டவும். தாட்சு, எல்லாவற்றையும் படி. எதையும் விடாதே.

வழியெல்லாம் உர மூட்டை மேல் உட்கார்ந்து வந்தேன். கடல் என்னை விரும்பவில்லை. என் வயிற்றிலிருந்த எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. பதினைந்தாம் நாள் வந்து சேர்ந்தேன். கடிதம் எனக்கு முன்னாலேயே வந்திருந்தது. நுயி பாதியாகிவிட்டாள். "வந்தியாக்கா" என்றாள், சோறு வைத்தாள், அதோடு சரி. அவள் மாமியார் என்னைப் பார்க்கவே இல்லை. நியாயந்தான்.

மறுநாள் சாயங்காலம் ஊரெல்லாம் சின்னச் சின்ன வைக்கோல் படகுகளில் விளக்கு ஏற்றி எடுத்துக்கொண்டு கரைக்குப் போனது. திரும்பிப் பார்த்தால் நுயியைக் காணோம். வலைக் கொட்டகைக்குப் பின்னால் ஓடினேன். நான் ஓடினேன் என்பதை நீங்கள் நம்ப வேண்டும். அவள் அந்தச் சின்னப் படகைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். புது நீலச் சட்டை மடித்து உள்ளே வைத்திருந்தது. அதன் மேல் அகப்பை.

எனக்கு வழியில் யோசித்து வைத்த பேச்சு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. படகில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"எறங்குக்கா."

"மாட்டேன்."

"ஒனக்கு நீச்சல் தெரியாது."

"ஒனக்கு மட்டும் தெரியுமா? தள்ளு. மாப்பிள்ள என்னைப் படகுல ஏத்திட்டுப் போறேன்னு சொன்னாரில்ல? ஏறிட்டேன். தள்ளு."

தள்ளினாள். என்னை வைத்துக்கொண்டு மணலில் படகு நகருமா? நம் வீட்டில் மெத்தையை உதற என்னை எழுப்பவே நீங்கள் படுகிற பாடு தெரியும். பின்னால் போய்த் தள்ளினாள். முன்னால் வந்து இழுத்தாள். என் கையைப் பிடித்து இழுத்தாள். "எறங்கு, எறங்கு" என்று என் தோளில் அடித்தாள். நான் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது மாமியார் விளக்கோடு வந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. முழங்கால் வலிக்காரர், காலைத் தூக்கி வைக்கத் தடுமாறினார். நான் கை கொடுத்தேன், பிடித்துக்கொண்டார். ஏறி என் எதிரில் உட்கார்ந்து, விளக்கை மடியில் வைத்துக்கொண்டார்.

"எம் புருஷனும் இந்தக் கடல்லதான் போனாரு" என்றார். நுயியைப் பார்த்துச் சொல்லவில்லை, அகப்பையைப் பார்த்துச் சொன்னார். "அவரு படகுலயும் அடியில்லாத அகப்பை இருந்துச்சு. இருந்தா மட்டும் கடல் விட்டுருச்சா? மறு வருஷம் ஆவிநாள்ல நானும் இப்படித்தான் தள்ளிக்கிட்டுப் போனேன். கை வந்துச்சு. அவரு கைதான். நல்ல அகப்பை ஒண்ணு, அடியில்லாதது ஒண்ணு, ரெண்டும் வச்சிருந்தேன். யாசோ தொட்டில்ல கெடந்தான். அடியில்லாததத்தான் குடுத்தேன்."

மடியிலிருந்த விளக்கின் திரியைத் தூண்டிவிட்டார். பிறகு, "எம் பையன் கையில அந்த வேலைய வைக்கணும்னா, என்னையும் வச்சுத் தள்ளு. மூணு பேரா இருந்தா அவனுக்கும் சீக்கிரம் முடியும்" என்றார்.

நுயி படகைப் பிடித்தபடியே மணலில் உட்கார்ந்தாள். உடம்பு கிடைக்காததால் இதுவரை அழவில்லையாம். அழுதாள். நாங்கள் இறங்கவில்லை. நம்பி இறங்க எங்கள் இருவருக்கும் பயமாக இருந்தது.

விளக்குகளெல்லாம் தூரப் போன பிறகுதான் உங்கள் படத்தைக் கொடுத்தேன். மாமியார் விளக்கைத் தூக்கிப் பிடித்தார். நுயி வெகுநேரம் அந்தக் கையைப் பார்த்தாள். அகப்பைக் காம்பின் பள்ளத்துக்குச் சரியாக நீங்கள் வளைத்து வைத்திருந்த கட்டைவிரல் மேல் தன் விரலை வைத்துப் பார்த்தாள். "அத்தானுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். நீங்கள் அந்த அகப்பையைக் கையில் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்த நாட்களை நான் சொல்லவில்லை.

படத்தைச் சட்டைக்குள் சுற்றி, வைக்கோல் படகில் வைத்து, மாமியார் கையால் விட்டோம். போய்விட்டது. அலை திருப்பிக் கொண்டுவருமோ என்று இருட்டும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

நேற்றுக் காலை மாமியார் நுயியிடம், "உப்பு கொறச்சலா இருக்கு" என்றார். இந்த வீட்டில் பல மாதங்களுக்குப் பிறகு ஒருவரோடு ஒருவர் பேசிய பேச்சு அதுதான். குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

நான் இன்னும் கொஞ்ச நாள் இங்கே இருப்பேன். ஊறுகாய்ச் சாடிக்குப் பாரமாக வைத்த கல்லை எடுத்தால் மறுபடி வையுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள்.

சந்தை அகப்பையை நுயி அடுப்பில் போட்டுவிட்டாள். நான் கொண்டுவந்த, தாட்சு புருஷன் அடி போட்ட அகப்பையை வீட்டுக்கு வைத்துக்கொண்டோம். இன்று காலை நான் குளிக்க உட்கார்ந்தபோது நுயி முதுகுக்கு ஊற்றுகிறேன் என்று அதில் தண்ணீர் மொண்டாள். முதல் மொள்ளலிலேயே அடி கழன்று என் உச்சந்தலையில் விழுந்தது. எலுமிச்சை அளவு வீங்கியிருக்கிறது. வாளிக்காரரிடம் தெரிவிக்கவும்.

ஷிகே